ராசு என் விரலில் உட்கார்ந்த நாள்

ராசுவை ஆசைப்பட்டு வாங்கியது நான். கூண்டைக் கழுவுவது நான், கொத்தமல்லித் தழை பொறுக்கிப் போடுவது நான். ஆனால் அந்தப் பச்சை லவ்பேர்ட்ஸ் குருவி கொஞ்சுவது மட்டும் பக்கத்து வீட்டு மெஹ்ரினிடம். இது எந்த ஊர் நியாயம்?

எனக்குக் குன்னூர் பஜாரில் தேயிலைத்தூள் கடையில் வேலை. ஜன்னல் கம்பிக்குள் குரங்கு கையை விடுகிற ஊரில் குருவியைத் தனியாக விட முடியாது. அதனால் காலையில் கூண்டை மெஹ்ரினிடம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வாங்கிக்கொள்வேன். அவளைக் கண்டால் போதும், ராசு தலையை ஆட்டி ஆட்டிக் கத்தும். தோளில் ஏறிக் கம்மலைக் கொத்தும். நான் விரலை நீட்டினால் நறுக்கென்று கடிக்கும்.

"உங்க கை சில்லுனு இருக்குதுங்க அக்கா, அதான் பயப்படுது. எங்கூட்டுல ஹீட்டர் போட்டிருக்கறோம்ல" என்று ஒருநாள் சொன்னாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹீட்டர் போட்டு மயக்கி வைத்திருக்கிறாள்! மறுநாளே லீவு போட்டேன். வெளியே மழையும் மூடுபனியும். என் வீட்டுக்காரர் நல்லசிவம் வேலைக்குக் கிளம்பியதும், இரும்புச் சட்டியில் கரித்தணல் போட்டுக் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஜன்னலை இறுக்கிச் சாத்தினேன். கதவிடுக்கில் கோணியைத் திணித்தேன். குளிருக்கு இங்கே பலரும் செய்வதுதான்.

மதியத்துக்குள் ராசு அடங்கிவிட்டது. உடம்பைப் பந்து மாதிரி உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியிருந்தது. பயந்துகொண்டே விரலை நீட்டினேன். கடிக்கவில்லை. மெதுவாக ஏறி, இரண்டு காலாலும் பற்றிக்கொண்டு உட்கார்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்ற தங்கம், இப்பத்தான் உனக்கு என்னையத் தெரிஞ்சுதா?"

தலை பாரமாக இருந்தது, லேசாகக் குமட்டியது. அந்தச் சந்தோஷத்தில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? மெஹ்ரின் இதைப் பார்த்தே ஆக வேண்டும். சுவரைத் தட்டிக் கூப்பிட்டேன்.

அவள் வந்தாள். குளிர் ஏறாமல் கதவை மறுபடி சாத்திக் கோணியைத் திணித்தேன். ராசு தலையை ஆட்டவில்லை, ஒரு சத்தமும் இல்லை.

"பாத்தியா மெஹ்ரின்? உன்னையத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டீங்குது."

அவள் குனிந்து பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு சொட்டுப் பொறாமையாவது தெரியுமா என்று தேடினேன்.

"அக்கா, வாலப் பாருங்க. ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி எறங்குது. சும்மா தூங்குச்சுன்னா ஒத்தக்கால்ல நிக்கும். இது ரெண்டு காலையும் ஊனிட்டு நிக்குது. உங்ககிட்ட ஒட்டிக்கலீங்க. பறக்கத் தெம்பில்லாம உக்காந்திருக்குது."

"வயித்தெரிச்சல்ல பேசாத" என்றேன்.

அவள் தணலைப் பார்த்தாள், சாத்திய ஜன்னலைப் பார்த்தாள். கோணியை எட்டி உதைத்துவிட்டு எல்லாவற்றையும் திறந்தாள். குளிர்காற்று முகத்தில் அடித்தபோதுதான் எனக்குக் கால் தள்ளாடுவதே தெரிந்தது.

ராசுவை அவள் சால்வையில் பொதிந்துகொண்டு ஆட்டோவில் ஓடினோம். வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன்: இது பிழைத்தால் போதும், மெஹ்ரினிடமே இருந்துகொள்ளட்டும். கால்நடை டாக்டர் வீட்டு வாசலில் இறங்கும்போது அதில் பாதியை வாபஸ் வாங்கிவிட்டேன்.

"மூடுன ரூமுக்குள்ள கரி போடுவாங்களா? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா குருவியோட நீங்களும் போயிருப்பீங்க" என்று திட்டிக்கொண்டே டாக்டர் ராசுவுக்கு ஆக்சிஜன் வைத்தார்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகும் ராசு உப்பிக்கொண்டேதான் இருந்தது. தினையைத் தொடவில்லை. நான் விரலை நீட்டினால் சாதுவாக ஏறி உட்கார்ந்தது. இத்தனை நாள் எதற்கு ஏங்கினேனோ அதுவேதான். இப்போது அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. கடியேன், ஒரே ஒரு தடவை கடித்துத் தொலையேன் என்று அதனிடம் கெஞ்சினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஹ்ரின் எட்டிப் பார்த்தாள். ராசு தலையை ஆட்டியது. ஒரு கீச்சு. நான் அவசரமாக விரலை நீட்டினேன். ரத்தம் வரக் கடித்துவிட்டு, பறந்துபோய் அவள் தோளில் உட்கார்ந்து கம்மலைக் கொத்தியது.

"அய்யோ, வலிக்குதுங்களா அக்கா?"

விரலை வாயில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு பேரையும் பார்த்தேன். வயிறு பழையபடி எரிய ஆரம்பித்தது.

"வலிக்குது" என்றேன், சிரித்துக்கொண்டே. "நல்லா வலிக்குது."