வயர்லெஸ்

அருந்ததி கட்டிலுக்கடியில் குப்புறப் படுத்து மோடத்தின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். காதுக்கும் தோளுக்கும் இடையில் கைத்தொலைபேசி. கட்டில் வெறுமையாகக் கிடந்தது. அப்பா சிவபாதசுந்தரம் விடிந்ததிலிருந்து முன்னறையில், பெட்டிக்குள் இருந்தார்.

"மஞ்சள் வயரின்ட ஒரு முனை மோடத்தில. மற்றது ரௌட்டரில தனியா இருக்கிற ஓட்டைக்குள்ள," என்றான் அண்ணன் குகதாசன், ரொறன்ரோவிலிருந்து. "கொளுவிட்டியோ?"

"ஓம். லைட் எரியேல்ல."

"ரெண்டையும் நிப்பாட்டு. முதல்ல மோடம். அதின்ட லைட் ஆடாமல் நிண்டாப்பிறகு ரௌட்டரைப் போடு."

ரெலிபோன் இணைப்பு அந்த அறையில்தான் இருந்தது. முன்னறைவரை இழுக்க வயர் காணாது. அதனால்தான் கீழ்வீட்டுக் கைருன்னிஸாவின் மடிக்கணினியை இரவல் கேட்டுவிட்டு, செத்தவீட்டுக்கு நடுவில் கடைத்தெருவான காலி வீதிக்கு ஓடி இந்த ரௌட்டரை வாங்கி வந்திருந்தாள். அண்ணனைப் பொலிஸ் சந்தேகத்தில் பிடித்து நாலு மாதம் உள்ளே வைத்திருந்து, பிறகு விட்டது. விட்ட கிழமையே அவன் கனடாவுக்குப் போய்விட்டான். இனி வந்தால் திரும்பிப் போக முடியாது. வெளியே நடமாடவும் முடியாது. இரண்டு வருடமாக அப்பா அவன் குரலை மட்டும்தான் கேட்டார்.

பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அருந்ததி முழங்கால் தூசியைத் தட்டாமலே முன்னறைக்கு ஓடினாள்.

திரையில் அண்ணனின் முகம் கலங்கலாக வந்து தெளிந்தது. மழிக்காத தாடி. அங்கே இன்னும் விடியவில்லை. அவள் கணினியைத் தூக்கிப் பெட்டிப் பக்கம் திருப்பினாள். அவன் திரைக்குக் கிட்டக் குனிந்தான்.

"நல்லா மெலிஞ்சு போனார், என்ன?"

"ஓம்."

"வாய்க்கரிசி போடேக்க சொல்லு. நானும் இஞ்ச ஒரு பிடி வச்சிருக்கிறன்."

அம்மா நேசமலர் அரிசியை அள்ளியபோதுதான் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. சனம் கூடியிருக்கிறதென்று எவரோ அறிவித்திருக்க வேண்டும். பொலிஸ் சார்ஜன் ஒருவர் கையில், வீட்டில் யார் யார் என்ற பதிவுத் தாளோடு வந்து தலைகளை எண்ணினார். கூட வந்தவன் அறைக்குள் எட்டிப் பார்த்தான். கட்டிலடியில் சிமிட்டும் விளக்குகள், நிமிர்ந்து நின்ற அன்ரெனா.

"மே மொகக்த?" என்ன இது என்று கேட்டுக்கொண்டே சார்ஜன் பக்கத்தில் கிடந்த ரௌட்டரின் அட்டைப்பெட்டியை எடுத்து எழுத்துக்கூட்டினார். "வயர்லெஸ்."

ஒரு தமிழ் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அப்போது ஒரே அர்த்தம்தான்: இயக்கத்தோடு பேசும் கருவி.

அருந்ததி சிங்களத்தில் தொடங்கினாள். இன்டர்நெட்டுக்கானது, கடையில் விற்பது, பில் இருக்கிறது. சொல்லிக்கொண்டிருக்கையில் அவள் கையிலிருந்த கணினியிலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"தங்கச்சி, அம்மா போட்டிட்டாவோ?"

சார்ஜன் திரும்பினார். அவர் இரண்டடி வைப்பதற்குள் அவள் மூடியை அழுத்தி மூடிவிட்டாள்.

"கவுத?"

யார் என்று கேட்கிறார். அண்ணன் என்று வாயில் வந்தது. "தூரத்துச் சொந்தம். கனடாவில்," என்று சிங்களத்தில் சொன்னாள். அம்மாவின் அரிசிக் கை அந்தரத்தில் நின்றது. அம்மா மகளைப் பார்க்கவில்லை.

கைருன்னிஸா எழும்பி வந்து, கணினி தன்னுடையது, வேண்டுமானால் தன் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். சார்ஜன் தொப்பியைக் கழற்றிச் செத்தவரின் முகத்தை ஒருதரம் பார்த்தார். கணினியைத் தொடவில்லை. வயர்களைப் பிடுங்கி ரௌட்டரை மட்டும் எடுத்துவரச் சொன்னார். நாளை பொலிஸுக்கு வந்து அந்தச் சொந்தக்காரரின் பெயர், விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துப் போகலாமாம்.

அவர்கள் இறங்கியதும் அம்மா அரிசியைப் போட்டாள். பாதி பெட்டிக்கு வெளியே சிந்தியது.

ஒரு மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். அண்ணன் சுமக்க வேண்டிய கொள்ளிக் குடத்தைச் சித்தப்பா சுமந்தார். பெண்கள் படி வாசலில் நின்றுவிட்டார்கள். கைத்தொலைபேசி அடித்தது.

"ஏன் நிப்பாட்டினனீ?"

நாளை எழுதிக் கொடுக்க வேண்டிய பெயரை அவள் நினைத்தாள். இந்த ஃபோனையும் யாராவது கேட்டுக்கொண்டிருக்கலாம்.

"கரண்ட் போயிட்டுது," என்றாள்.

"அப்பாவைக் கொண்டு போயிட்டினமோ?"

"ஓம். இப்பதான் காலி வீதிக்குத் திரும்பியிருப்பினம்."

அவன் ஃபோனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் அடுப்பில் கேத்தில் கொதித்துச் சீறத் தொடங்கியது. சீறிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த யாரும் எழும்பவில்லை.