சேர்வராயன் செல்வியின் கடைசிக் காட்சி

ஸ்தனிஸ்லாஸ் முப்பத்தாறு வருஷம் ரைட்டராக இருந்தவர். உடனே நாவலா, சிறுகதையா என்று கேட்டுவிட வேண்டாம். ஏற்காட்டு மலையில் ரைட்டர் என்றால், காலை ஏழு மணிக்கு எஸ்டேட் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் குறித்துக்கொள்கிற குமாஸ்தா. கொட்டச்சேட்டுப் பக்கம் அந்தக் குரலுக்குத் தனி மரியாதை. ஆள் முகம் தெரியாத மூடுபனியிலும் அவர் பேரைக் கூப்பிட்டால் எங்கிருந்தோ "இருக்கேனுங்க" என்று பதில் வந்துவிடும். வராவிட்டால் அரைநாள் கூலி போச்சு.

அவர் மனசுக்குள் இருந்த ரைட்டர் வேறு. இருபத்திரண்டு வயசில் மெட்ராஸ் போய் நாடகக் கம்பெனியில் சேர்வதற்காக டிரங்குப்பெட்டி கட்டினார். அப்பா அதற்குள் எஸ்டேட்டில் வேலை வாங்கிவிட்டார். பெட்டி பிரிக்கப்பட்டது, அதற்குள் இருந்த "சேர்வராயன் செல்வி" என்ற ஒன்பது காட்சி நாடகம் மட்டும் அடியிலேயே கிடந்தது. ரிட்டையரான பிறகு ஐந்து வருஷம் உட்கார்ந்து அதைத் திருத்தினார். திருத்தம் என்றால், 'ஐயோ' என்று இருந்த இடமெல்லாம் 'அந்தோ' ஆயிற்று.

கடைசிக் காட்சியில் மட்டும் கை வைக்கவில்லை; அங்கே முதலிலிருந்தே 'அந்தோ'தான். சமவெளி ராஜகுமாரன் மலைப் பெண்ணைக் கூட்டிப்போகப் பல்லக்கோடு வந்து நிற்கிறான். அவள் மலை விளிம்பில் நின்று, இறங்க மாட்டேன் என்று மூன்று பக்கம் பேசுகிறாள். உலகத்தில் தான் உருப்படியாகச் செய்த காரியம் அந்த மூன்று பக்கம்தான் என்பது அவர் எண்ணம். சாவதற்குள் ஒரு தரம் அதை நாலு பேர் முன்னால் யாராவது பேசிக் கேட்டுவிட வேண்டும்.

"ஏனுங்க, எறங்க மாட்டேங்கறதுக்கு மூணு பக்கமா?" என்றாள் மனைவி தெரசம்மாள். "உங்க அக்கா ஊட்டுக்கு வரமாட்டேன்னு நான் ஒரே வார்த்தைல சொன்னனே, உங்களுக்குப் புரியலையா?"

"உனக்கு இலக்கியம் தெரியாது தெரசா."

"தெரியாதுங்க. அதனாலதான் சோறு வேகுது."

எண்பத்து நாலாம் வருஷம் ஜெபமாலை மாதா திருவிழாவுக்கு நாடகம் போடலாம் என்று பங்குச் சாமியாரான அற்புதம் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு சிவப்பு மை பேனாவைத் திறந்தார்.

"சேர்வராயன் அந்தக் குகைக் கோயில் தெய்வமாச்சே, ரைட்டர்? மாதா திருவிழாவில எப்படி?"

"அது மலையோட பேருங்க, சாமி."

"பேரை மாத்திருங்க. 'மலையில் ஒரு மாதா பக்தை.' எப்படி?"

ஸ்தனிஸ்லாஸ் கடைசிக் காட்சியை நினைத்துக்கொண்டு தலையாட்டினார். மூன்றாம் காட்சியில் மாதா காட்சி கொடுத்தாள். நாலாம் காட்சியில் குடிகாரன் திருந்தினான். மேடைக்கும் சாப்பாட்டுக்கும் எஸ்டேட் முதலாளி உதவுவதாகச் சொல்லி அனுப்பியதும், அவருடைய தாத்தா காப்பி விதையோடு ஐந்தாம் காட்சியில் மலையேறினார். அந்தத் தாத்தாவுக்கு ஒரு பாட்டும் இருந்தது. இவர்களுக்கெல்லாம் இடம் வேண்டாமா? ஆறு, ஏழு, எட்டாம் காட்சிகள் வெளியேறின.

"கடைசிக் காட்சி நொம்ப நீளம்" என்று சாமியார் பேனாவை அங்கே கொண்டுபோனபோது மட்டும் ஸ்தனிஸ்லாஸ் காகிதத்தின் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டார். சாமியார் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பேனாவை மூடினார்.

நோட்டீசில் 'எழுத்தாளர் ஸ்தனிஸ்லாஸ்' என்று போடச் சொல்லி அவரே கைப்பட எழுதிக்கொடுத்தார். சேலத்தில் அச்சடித்து வந்த நோட்டீசில் 'எஸ்டேட் ரைட்டர் ஸ்தனிஸ்லாஸ்' என்றிருந்தது. அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர், ஏதோ பிழை விழுந்திருக்கிறது என்று நினைத்துத் தன் புத்தியால் திருத்தியிருந்தார். ஊரில் எல்லோருக்கும் விஷயம் சரியாகப் புரிந்தது. நாடகத்தைச் சாமியார் சொல்லச் சொல்ல ரைட்டர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

செல்வியாக நடிக்கச் சாந்தாமேரி வந்தாள். முப்பத்தெட்டு வயசு, பதினெட்டு வருஷமாக எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஸ்தனிஸ்லாஸ் சொல்லச் சொல்லக் கேட்டே மனப்பாடம் செய்தாள். வேலை முடிந்து வந்து, அவள் ஊரான மஞ்சக்குட்டைக்குக் கடைசி பஸ் போவதற்குள் ஒத்திகை. முதலில், "அரசே, நான் உங்க ஊருக்கு வர்றதா இல்லீங்க" என்றாள்.

"'இல்லீங்க' கூடாது சாந்தா. அவள் ராஜகுமாரனையே எதிர்க்கிறவள்."

"எதுத்தாலும் மரியாதை வேணாங்களா, ரைட்டரய்யா?"

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் அவள் மூன்று பக்கத்தையும் ஒரே மூச்சில் கொட்டினாள். பதினோரு 'அந்தோ'வும் தாண்டி, "இந்தப் பனிக்கு என்னைத் தெரியும், உங்கள் வெயிலுக்கு நான் யாரோ" என்ற இடம் வந்தபோது, ராஜகுமாரன் வேஷம் போட்ட எஸ்டேட் ஆள் பெரியநாயகம் பீடியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். ஸ்தனிஸ்லாஸ் மூக்கைச் சிந்துவதுபோல் திரும்பிக்கொண்டார்.

திருவிழா அன்று, முதலாளியின் கார் பனி இறங்குமுன் மலையிறங்க வேண்டும் என்பதால் நாடகம் பகல் இரண்டு மணிக்கு வைக்கப்பட்டது. பள்ளிக்கூட ஹால் நிறைந்திருந்தது. முன்வரிசையில் முதலாளி, பக்கத்தில் சாமியார், பின்னால் எஸ்டேட் முழுக்க. வரவேற்புரை முப்பது நிமிஷம். மாதா காட்சி கொடுத்தபோது கைதட்டல். தாத்தா மலையேறியபோது முதலாளியே தட்டினார். அதனால் எல்லோரும் இரண்டு தரம் தட்டினார்கள். ஒன்றேகால் மணி நேரம் தன் பேரில் நடந்த அந்நிய நாடகத்தை ஸ்தனிஸ்லாஸ் ஓரத்துப் படுதாவுக்குப் பின்னால் நின்று, காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துப் பார்த்தார்.

கடைசிக் காட்சி வந்தது. சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெரியநாயகம் பல்லக்குக்குப் பக்கத்தில் நின்று, "பெண்ணே, என்னோடு வருவாயா?" என்றான். சாந்தாமேரி விளிம்பில், அதாவது இரண்டு பெஞ்சுகளை அடுக்கிய இடத்தில், ஏறி நின்றாள். கூட்டத்தைப் பார்த்தாள்.

பேசவில்லை.

ஸ்தனிஸ்லாஸ் படுதா ஓரமாக எட்டிப் பார்த்தார். "அந்தோ, அரசே" என்று கிசுகிசுத்தார். அவள் திரும்பவில்லை. ஹாலில் யாரோ இருமினார்கள். "அந்தோ, அரசே!" இன்னும் கொஞ்சம் சத்தமாக. அவள் கல் மாதிரி நின்றாள். சாமியார் முதலாளியின் காதருகே குனிந்தார். போய்விட்டது, எல்லாம் போய்விட்டது, மறந்துவிட்டாள். அவரையும் அறியாமல் நெஞ்சிலிருந்து குரல் கிளம்பியது. முப்பத்தாறு வருஷப் பனியைக் கிழித்த குரல்.

"சாந்தாமேரி!"

"இருக்கேனுங்க!" என்று பெஞ்சிலிருந்து குதித்தாள் அவள்.

மேடையில் நின்ற பெரியநாயகம், அடுத்த பேர் தன்னுடையதுதான் என்று சட்டென நேராக நின்று தலைப்பாகையை எடுத்தான். பல்லக்கு தூக்கிகள் வரிசைக்கு வந்தார்கள். ஹாலின் பின்னால் நாலைந்து பேர் எழுந்தே நின்றுவிட்டார்கள். ஒரு நொடி கழித்துச் சிரிப்பு வெடித்தது. முதலாளிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாமியார் இதுதான் சமயம் என்று மேடையேறி மைக்கைப் பிடித்தார். நன்றியுரையும் ஜெபமும் ஐந்து நிமிஷத்தில் முடிந்தன. படுதாவுக்குப் பின்னால் நின்றவர் "சாமி, இன்னும் மூணு பக்கம்" என்று சொன்னது மைக்கில் விழவில்லை.

"அருமை, ரைட்டர்!" என்று காரில் ஏறும்போது முதலாளி முதுகைத் தட்டினார். "டிராமாவிலேயே அதுதான் டாப். எப்படித் தோணிச்சு? அடுத்த வருஷம் அதையே பெரிசா வச்சிருங்க."

"சரிங்க" என்றது ஸ்தனிஸ்லாஸின் வாய்.

மஞ்சக்குட்டை ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. சாந்தாமேரி முகத்துப் பவுடரைத் துடைத்துக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"கோவமுங்களா, ரைட்டரய்யா?"

"மறந்துட்டியேன்னு வருத்தம்தான் சாந்தா."

"மறக்கலீங்க." அவள் வேகமாகத் தலையாட்டினாள். "மூணு பக்கமும் தெரியுமுங்க. நேத்து உங்ககிட்ட வாங்கிட்டுப் போன காயிதத்தை மவ படிச்சுக் காட்டுனாளுங்க. மொதல்லயே அடைப்புக்குறிக்குள்ள 'சற்று நேரம் மௌனம்'னு எழுதியிருக்குதாமா. ஒத்திகைல பஸ்ஸுக்கு நேரமாவுதுன்னு நாம அதெல்லாம் உட்டுட்டமுங்க. இன்னைக்காவது நீங்க எழுதுனபடியே செய்யலாம்னு மனசுக்குள்ள இருவது எண்ணிட்டு நின்னனுங்க."

அவர் காகிதத்தைப் பிரித்தார். இருந்தது. இருபத்திரண்டு வயசுக் கையெழுத்தில், அடைப்புக்குறிக்குள்.

"எத்தனை எண்ணினே?"

"பதினாலுங்க. அப்பத்தான் கூப்புட்டீங்க."

ஜீப்காரன் ஹாரன் அடித்தான். "ஏம்மா, பனி எறங்குது, வர்றியா இல்லையா?"

"இப்பச் சொல்லேன் சாந்தா" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "எனக்கு மட்டும்."

அவள் ஜீப்பைப் பார்த்தாள், உள்ளே நெருக்கி உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்த பதினைந்து முகங்களைப் பார்த்தாள். "இப்பவுங்களா? இத்தனை பேருக்கு முன்னாலயா? கூச்சமா இருக்குதுங்க. பொறவு ஒரு நாளைக்குச் சொல்றனுங்க" என்று ஓடிப்போய்ப் பின்படியில் தொற்றிக்கொண்டாள்.

ஜீப் நகர்ந்தது. பேரைக் கூப்பிட்டால் குதித்து வந்துவிடுவாள் என்பது அவருக்குத் தெரியும். உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். தெரசம்மாள் வந்து அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, பனியில் நனையாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.