ஏழரை மணி வகுப்பு

மற்றவர்களுக்கெல்லாம் ஏழரை என்றால் ஏழரை ஆண்டு. ஓடைப்பட்டிக் கருத்தக்கண்ணன் வாத்தியாருக்கு மட்டும் அது காலை ஏழரை மணி. ஒரு விநாடி முன்னே கிடையாது, பின்னே கிடையாது. அவரைப் பார்த்துத்தான் தெருவில் பாதிப் பேர் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்கள். மீதிப் பேர் கடிகாரத்தையே விற்றுவிட்டார்கள்.

முப்பத்துநான்கு வருடம் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற கையோடு ஒரு வருட ஒப்பந்தத்தில் மாலத்தீவில் ஒரு துண்டுத் தீவுக்குப் போனார். இரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலம். தீவு எவ்வளவு பெரிது என்றால், கிழக்குக் கரையில் நின்று தும்மினால் மேற்குக் கரையில் இருப்பவன் முகத்தைத் துடைத்துக்கொள்வான். அங்கே இருபத்திரண்டு பிள்ளைகள் தினமும் எழுந்து நின்று, ராகம் போட்டு வணக்கம் சொல்லி, அவர் "சிட் டவுன்" என்ற பிறகே உட்காருவார்கள். வருடம் முடிந்ததும், இன்னும் ஒரு வருடம் இருங்கள் என்று பள்ளிக்கூடத்தில் கெஞ்சினார்கள். "ஒரு வருசம்னு சொல்லித்தானே போனீக?" என்று போனில் மனைவி முத்துப்பேச்சி கேட்டாள். அவள் கேட்கும் கேள்விகளுக்கு முப்பத்தைந்து வருட இல்லறத்தில் அவர் பதில் கண்டுபிடித்ததே இல்லை. பெட்டியைக் கட்டினார்.

ஊர் வந்த மூன்றாம் நாள் காலை, தன் திராட்சைப் பந்தலுக்குள் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். மலையிலிருந்து இறங்கிய காற்று இலைகளின் மேல் புரண்டது. அது ஓடைப்பட்டிக் காற்றுதான், அவருக்குத் தெரியாதா? ஆனால் உதட்டில் உப்புக் கரித்தது. காற்று சட்டென்று நின்றது. குலைகளுக்குப் பின்னாலிருந்து, எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாதபடி வந்தது:

"குட் மாஆஆர்னிங்... சாஆஆர்!"

சத்தம்கூடப் பரவாயில்லை. அதற்குப் பின்னால் வந்த அமைதிதான் அவரை உலுக்கியது. இருபத்திரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் அமைதி. வாத்தியார் மெதுவாகத் திரும்பினார். பந்தலைத் தாங்கும் கல்தூண்கள் வரிசை வரிசையாக நின்றன. அவை எப்போதும் நிற்பவைதான். அன்றைக்கு மட்டும் எழுந்து நிற்பவை போல இருந்தன.

வரப்பில் உட்காரப் பார்த்தார். முழங்கால் மடங்கவில்லை. கையால் அமுக்கினார், வாழைத்தண்டை மடக்குவது போல முறுக்கினார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் வாய் நிறைய நுரையோடு "சிட் டவுன்" என்றார். பந்தல் முழுக்க ஒரு பெருமூச்சு இறங்கியது. முழங்காலும் இறங்கிவந்தது.

அன்றிலிருந்து இதே கதை. தீவில் மணி ஏழு, பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரம். இங்கே ஏழரை. 'சிட் டவுன்' சொல்லாமல் இருந்து பார்த்தார். அன்றைக்கு மாலை வரை நின்றுகொண்டே சாப்பிட்டார், நின்றுகொண்டே பேப்பர் படித்தார், நின்றுகொண்டே குறட்டையும் விட்டார். சொன்னாலோ ஊர் வம்பு. சின்னமனூரில் ஒரு கல்யாணம், முகூர்த்தம் ஏழரை முதல் ஒன்பது. மாப்பிள்ளை, பெண்ணின் கையைப் பிடித்து மணவறையைச் சுற்றிவர எழுந்த நேரத்தில், கூட்டத்தின் நடுவிலிருந்து "சிட் டவுன்!" என்று ஒரு முழக்கம். மைக் இல்லாமல் முப்பத்துநான்கு வருடம் வகுப்பு நடத்திய குரல். மாப்பிள்ளை உட்கார்ந்தான். பெண் உட்கார்ந்தாள். ஐயர் உட்கார்ந்தார். ஏற்கெனவே உட்கார்ந்திருந்த நாதஸ்வரக்காரர் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தார். மாப்பிள்ளை வாத்தியாரின் பழைய மாணவன் வேறு. சார் சொல்லாமல் எழமாட்டேன் என்றுவிட்டான். அதற்குப் பிறகு வாத்தியார் வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளில் எல்லாம் ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தது: "வாத்தியார் மட்டும் ஒன்பதுக்கு மேல் வரவும்."

முத்துப்பேச்சிக்குத் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. வாத்தியாருக்கோ அவளிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அந்த ராகத்தில் ஹவ்வா என்ற சிறுமியின் குரலை அவரால் தனியாகப் பிரித்துக் கேட்க முடியும். முன்பல் இரண்டும் விழுந்த பிள்ளை, 'சார்' என்பது அவள் வாயில் 'தார்' ஆகும். ஒரு செவ்வாய்க்கிழமை அந்தத் 'தார்' வரவில்லை. புதனும் வரவில்லை. வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. வியாழனன்று வந்தது, மூக்கடைப்போடு. "சளிதானா!" என்று வாய்விட்டுச் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு அவர் தின்ற இட்லியை எண்ணியவர்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டார்கள்.

தனியாகச் சிரித்ததைப் பார்த்த முத்துப்பேச்சி, மறுநாள் வெள்ளிக்கிழமையே அவரைக் கோடாங்கி பிச்சைமணியிடம் இழுத்துக்கொண்டு போனாள். வீரபாண்டிப் பக்கம் உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவர். பேய் ஓட்டுவதில் அவருக்கு இருந்த பேருக்கு, அவர் சைக்கிள் மணி கேட்டாலே புளியமரங்கள் காலியாகிவிடும்.

ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பது வரை அடித்தார். உடுக்கைத் தோல் சூடேறியது. வாத்தியார் சம்மணம் போட்டுச் சுகமாக உட்கார்ந்திருந்தார்.

"எதுவும் இல்லையே ஆத்தா," என்றார் பிச்சைமணி, வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

வாத்தியார் அப்போதுதான் நெற்றியில் தட்டிக்கொண்டார். "அட! இன்னைக்கு அங்கன லீவு. வெள்ளி, சனி பள்ளிக்கூடம் கிடையாது."

பிச்சைமணி உடுக்கையைக் கீழே வைத்தார். "நாப்பது வருசமா பேய் ஓட்டுறேன் வாத்தியாரே. ஆலமரத்துப் பேயைப் பாத்திருக்கேன், ஆத்துப் பேயைப் பாத்திருக்கேன். லீவு போடுற பேயை இப்பத்தான் பாக்குறேன். ஞாயித்துக்கிழமை வாங்க."

ஞாயிறு ஏழரைக்கு உடுக்கை ஓங்கியது. வாத்தியார் விறைத்து எழுந்து நின்றார்.

"ஏலே! யாரு நீ? எங்கருந்து வந்த?"

வாத்தியார் வாய் திறந்தது. வந்தது அவர் குரல் இல்லை. ஒரு கூடை குருவிக் குஞ்சுகள் ஒரே நேரத்தில் கத்துவது போல இருந்தது: "குட் மார்னிங் சார்! வி ஆர் ஃபைன், தேங்க் யூ சார்!"

கோடாங்கிக்கு முகம் வெளிறியது. "என்னாத்தா சொல்லுது?"

"எனக்கென்ன தெரியும்? இத்தனை வருசத்துல எனக்கு ஒரு எழுத்துச் சொல்லிக் குடுத்தாகளா இவுக?"

பிச்சைமணி இளவயதில் கேரளத்து ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்தவர். வெளியூர்ப் பேய்க்கு வெளியூர்ப் பேச்சு என்று நினைத்தாரோ என்னவோ, "நிங்ஙள் ஆரா? எந்தா வேண்டே?" என்று மலையாளத்தில் அதட்டிப் பார்த்தார். பதில் இல்லை. வாத்தியார் ஒரு கண்ணை மட்டும் திறந்து, தன் சொந்தக் குரலில் சொன்னார்: "நல்லா இருக்காகளாம்."

"பேய் புடிச்சவரு குறுக்க பேசக் கூடாது!"

"பின்ன யாருய்யா அர்த்தம் சொல்றது?"

அதுவும் நியாயமாகப் பட்டது. "சரி. எதுக்கு வந்துச்சுன்னு கேளுங்க."

கேட்க வேண்டியிருக்கவில்லை. வாய் தானாகவே திறந்தது. "சார், வென் யூ வில் கம்?"

"வென் வில் யூ கம்," என்று திருத்தினார் வாத்தியார். உயிரை விட்டால்கூட இலக்கணத்தை விடமாட்டார்.

"வென் வில் யூ கம், சார்!" என்று திருத்திக்கொண்டன குரல்கள். கடைசியாக ஒரு 'தார்'.

"என்னவாம்?" என்றார் பிச்சைமணி.

வாத்தியார் கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கி மீசைக்குள் போனது. "எப்ப வருவீகன்னு கேக்குதுக."

"வர்றேன்னு சொல்லிட்டா வந்தீக?" என்று கேட்டார் பிச்சைமணி.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கடைசி நாள், படகுத்துறை. இருபத்திரண்டு பிள்ளைகளும் வரிசையாக நின்று, "சார், ஆர் யூ கோயிங்?" என்று கேட்டிருக்கிறார்கள். ஆமாம், போகிறேன் என்று சொன்னால் முடிந்தது. வாத்தியாருக்கு நாக்கு எழவில்லை. கடைக்கு உப்பு வாங்கக் கிளம்புகிறவன்கூட 'போயிட்டு வர்றேன்' என்றுதானே வாசலைத் தாண்டுகிறான்? 'போறேன்' என்று மொட்டையாக எந்த மனிதன் சொல்லுவான்? ஆகவே அதையே ஆங்கிலமாக்கி, "ஐ வில் கோ அண்ட் கம்" என்று சொல்லிவிட்டுப் படகேறினார். நம் ஊரில் அதைச் சொல்கிறவனும் நம்புவதில்லை, கேட்கிறவனும் நம்புவதில்லை. அந்தப் பிள்ளைகள் நம்பிவிட்டார்கள்.

பிச்சைமணி உடுக்கையைத் துணியில் சுற்றிவைத்தார். "இது பேய் இல்ல வாத்தியாரே. செத்தவுகன்னா எலுமிச்சம்பழத்தை அறுத்து ஓட்டிப்புடுவேன். உசுரோட காத்துக்கிட்டு நிக்கிற புள்ளைகளை நான் எங்கிட்டு ஓட்ட? நீங்கதான் சொல்லணும். 'போறேன்'னு சொல்லணும். 'வர்றேன்' சேர்க்கக் கூடாது."

முத்துப்பேச்சி எழுந்தேவிட்டாள். "அதெல்லாம் ஆகாது! நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்குற மனுசன். அவுக வாயால அந்த வார்த்தையைச் சொல்லவா? என் தாலிக்கு யாரு பொறுப்பு?"

"இங்கிலீஸ்லதானே சொல்லப்போறேன், பேச்சி. எமனுக்குப் புரியாது."

"எமன் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சானோ, யாரு கண்டா?" என்றார் பிச்சைமணி. அவர் பேச்சு யாருக்கும் உதவவில்லை.

வழியெல்லாம் அவள் அழுதுகொண்டே வந்தாள். பஸ் ஓடைப்பட்டியில் நிற்கும்போது மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: "அந்தப் புள்ளைகளுக்கு எத்தனை வயசு?"

"ஏழு."

"ஏழு வயசுப் புள்ளைகளையா தினமும் நிக்க வச்சிருக்கீக?" என்றாள். "சொல்லித் தொலைங்க."

திங்கட்கிழமை ஏழரை ஆக ஐந்து நிமிடம். அவருக்குப் பதிலாகப் போயிருந்த புது வாத்தியார் வினோத்ராஜ் தூத்துக்குடிக்காரர், மரியாதைப்பட்ட பிள்ளை. வீடியோவில் அவர் முகம் வந்தது.

"நீங்க கூப்பிட்டது நல்லதாப் போச்சு சார். எனக்கு இங்க ஒண்ணும் புரியல. தினமும் உங்க பழைய நாற்காலியைப் பாத்துத்தான் குட் மார்னிங் சொல்றாங்க. நான் உட்காருங்கன்னா உட்கார மாட்டாங்க. கொஞ்ச நேரம் நிப்பாங்க. அப்புறம் எல்லாரும் ஒண்ணா உட்காருவாங்க. யாரோ சொன்ன மாதிரி."

முத்துப்பேச்சி தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

போன் வகுப்பின் பக்கம் திரும்பியது. இருபத்திரண்டு பேர். கொஞ்சம் வளர்ந்திருந்தார்கள். ஹவ்வாவுக்கு ஒரு பல் முளைத்திருந்தது. யாரும் கூச்சலிடவில்லை. கடல் வெளிச்சம் விழுந்த அந்த முகங்கள் எல்லாம் அவர் வாயையே பார்த்தன.

"ஐ ஆம் கோயிங்," என்றார் வாத்தியார். நாக்கு அடுத்த இரண்டு வார்த்தைகளைப் பல்லுக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்துவிட்டது. விழுங்கினார். கல்லை விழுங்கினால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "ஐ வில் நாட் கம். குட்பை, சில்ரன்."

"ஒய், சார்?" என்றது ஒரு குரல்.

"மை ஹவுஸ் இஸ் ஹியர்," என்றார் வாத்தியார். "சிட் டவுன்."

உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராக, தனித்தனியாக, யாருக்கும் காத்திராமல். ஒரு பிள்ளை மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டது.

அதைத்தான் முத்துப்பேச்சியால் தாங்க முடியவில்லை. போனைப் பிடுங்கி, திரை முழுக்கத் தன் முகத்தை வைத்து, பேச்சை முடிக்கும்போது யாரிடமும் சொல்வதைச் சொன்னாள்: "அழுகாதீகத்தா! அதுக்கென்ன, ஒருநா வீட்டுக்கு வாங்க. சித்திரையில வீரபாண்டித் திருவிழாவுக்கு எல்லாரும் வாங்க. ராட்டினம் சுத்துவோம், கறிச்சோறு ஆக்கிப் போடுறேன்."

"பேச்சி, வேணாம்!" என்று வாத்தியார் கையை நீட்டுவதற்குள், மரியாதைப்பட்ட வினோத்ராஜ் வார்த்தை விடாமல் மொழிபெயர்த்து முடித்திருந்தார். மேசையில் கவிழ்ந்த தலை நிமிர்ந்தது. வகுப்பு அதிர்ந்தது. "எஸ், மேடம்!"

செவ்வாய்க்கிழமை ஏழரை. வாத்தியார் பல் துலக்கியபடி பந்தலுக்குள் நின்றார். காற்று வந்தது, இலை அசைந்தது, ஒன்றும் இல்லை. கல்தூண்கள் கல்தூண்களாக நின்றன. முழங்காலை மடக்கிப் பார்த்தார், வெண்ணெய் போல மடங்கியது. கேட்டது கிடைத்துவிட்டது. வரப்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு எதற்கு உட்கார்ந்தோம் என்று தெரியவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு, வாயில் நுரை காயும் வரை இருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது முத்துப்பேச்சி அவிழ்ந்த கூந்தலோடு வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெரு காலியாக இருந்தது. நாய்கூட இல்லை. அவள் பார்வை மட்டும் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்கு நகர்வது போல, இடுப்புயரத்தில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"என்னா பேச்சி?"

அவள் விரலை உதட்டில் வைத்தாள். "மேடம் மேடம்ங்குதுக."

வாத்தியார் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒரு துளிச் சத்தமில்லை. அவள் பக்கத்தில் போய் அதே கதவைப் பிடித்துக்கொண்டு, அதே தெருவைப் பார்த்துக்கொண்டு, கெஞ்சுகிற குரலில் கேட்டார்: "எத்தனை பேரு வந்திருக்காக?"

"செத்த சும்மா இருங்க," என்றாள். "எண்ணிக்கிட்டு இருக்கேன்ல?"