எதிர்த்த இரண்டு பேர்

...அந்த இரண்டு பேர் யாராக இருக்கும், ஏறக்குறைய மூவாயிரம் பேர் கூடிய மண்டபத்தில், அதிபர் இரண்டு முறைக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியை எடுத்துவிடலாமா என்றபோது வேண்டாம் என்று சீட்டுப் போட்ட அந்த இரண்டே இரண்டு சீனர்கள், அன்றைக்கு அவர்களுக்குச் சோறு இறங்கியிருக்குமா, பெண்டாட்டியிடமாவது சொல்லியிருப்பார்களா... வெங்கடாசலம் தலை முழுக்கக் கறுப்பு டையை அப்பிக்கொண்டு கோகுல்ராஜின் சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அரைமணி நேரம் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். பதினொரு மணிக்கு லாரி பாடி பட்டறை உரிமையாளர் சங்கத்தின் பொதுக்குழு, பதினைந்து வருடத் தலைவர் நரைத்த தலையோடு போய் நின்றால் நன்றாகவா இருக்கும், சீனாவிலும் அப்படித்தானாம், பதவியில் இருக்கும்வரை பெரும்பாலும் கறுப்புத் தலை, ஓய்வு பெற்றால்தான் நரை தெரியுமாம், இதைச் சொல்லித்தான் போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் முதல் கைதட்டலை வாங்கினார். வெல்டிங் மிஷின் கண்காட்சிக்கு நான்கு நாள் குவாங்சோ போய்வந்ததிலிருந்து நாமக்கல்லில் சீன விவகாரம் என்றால் அவர்தான். சீனாவில் அரசியல் சீர்திருத்தம் வருமா என்பது தலைப்பு, மேலிருந்தும் வராது, கீழிருந்தும் வராது என்று ஒன்றரை மணி நேரம் விளாசித் தள்ளினார். கொள்கை ஏட்டில் இருக்கிறது, கட்சி நாற்காலியில் இருக்கிறது, மேலே இருப்பவர் தான் இறங்கும் படியைத் தானே எடுத்துவிட்டால் கீழே இருப்பவர்களுக்குக் கைதட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை என்றார். என்ன மாதிரி வாக்கியம், எங்கிருந்துதான் வந்ததோ. முன்வரிசையில் மனைவி வசந்தாமணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், தூங்கியும் இருக்கலாம்.

அந்த வாக்கியம்தான் இப்போது சட்டைப் பையில் மடித்துக் கிடந்தது. சங்கச் செயலாளர் சிவபிரகாஷ் நேற்று மாலை கொண்டுவந்து கொடுத்த தீர்மானம், "தலைவர் அவர்கள் ஞாயிறன்று அருமையாக எடுத்துரைத்தபடி" என்று ஆரம்பித்து, வாக்கியத்தை ஒரு எழுத்து குறையாமல் போட்டு, ஆகவே நம் சங்கத்திலும் இரண்டு முறைதான் என்ற பழைய விதியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று... அதோடு மடித்து வைத்தவர்தான், மேற்கொண்டு படிக்கவில்லை. கும்பிடு போட்டுக்கொண்டே குழி வெட்டியிருக்கிறான் பயல். அந்த விதியை எடுத்தது இவர்தான், ஆனால் அது வேறு, கொரோனாவில் பட்டறைகள் படுத்துக் கிடந்த சமயம், அனுபவசாலி வேண்டும் என்று சங்கமே கேட்டது... சங்கம் கேட்டதா, இவர் கேட்டாரா? எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்று மைக்கில் சொன்னதும் இவரேதான், ஒரு கையும் எழவில்லை, மூச்சு விடாமல் அடுத்ததாகப் பிரியாணி தயார் என்று சொன்னதால் இருக்குமோ? சீனாவிலாவது இரண்டு பேர். சரி, இறங்கித்தான் பார்த்தால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, அதுதான் பயமாக இருந்தது. தலைவரே என்று யாருமே கூப்பிடாத ஒரு செவ்வாய்க்கிழமை, பேப்பரை விளம்பரம் உட்படப் படித்து முடித்தாலும் மணி எட்டேகால்தான் ஆகியிருக்கும், அப்புறம்?

"இந்த வாட்டியும் நீங்கதானுங்களே தலைவரே?" என்றான் கோகுல்ராஜ். "வேற யாரு" என்றார், சொன்ன பிறகு அது பதிலா கேள்வியா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. திடீரென்று ஒரு தெம்பு, வழிமொழிய ஓர் உறுப்பினர் கையெழுத்துப் போடாவிட்டால் தீர்மானமே செல்லாதே, தன்னை எதிர்த்து எந்தப் பட்டறைக்காரன் போடுவான்... போர்த்தியிருந்த துணிக்குள் கையை விட்டுத் தாளை உருவிக் கடைசி வரியைப் பார்த்தார். வழிமொழிபவர்: வெ. வசந்தாமணி, உரிமையாளர், வசந்தா பாடி பில்டர்ஸ். அட, ஆமாம், பெண்கள் பெயரில் என்றால் கடன் சுலபம் என்று பட்டறையை அவள் பெயரில் போட்டது இவர்தானே, உறுப்பினர் அவள், இவர் அவள் சார்பில் வந்து போகிறவர், பதினைந்து வருடத்தில் சுத்தமாக மறந்தே போயிருந்தது. பென்சிலில் பெருக்கல் குறி போட்டுக் காட்டும் இடத்தில் எதற்கு என்று கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவள். இதில் பென்சில் குறியே இல்லை. சீனர்களாவது பெயர் போடாத சீட்டில் எதிர்த்தார்கள், இவள் முழு விலாசத்தோடு... காலையில் வேறு, "எதுக்குங்க டை, நரைச்சாலும் நல்லாத்தானுங்க இருக்கீங்க" என்றாளே, அதைப் பிரியம் என்றல்லவா நினைத்துக்கொண்டு வந்தார்.

டை ஒட்டாமல் போனைக் காதுக்கு அரை அடி தள்ளிப் பிடித்து, மீட்டிங்குக்கு நீயும் வாரியா என்று மட்டும் கேட்டார், வேறு எதையும் கேட்கத் தைரியம் வரவில்லை. "வாரேனுங்க" என்றாள், குரலில் ஒரு மாற்றமும் இல்லை, "முன்வரிசையில எனக்கொரு சேர் போடச் சொல்லுங்க... பக்கத்துல இன்னொண்ணும் சேத்திப் போடச் சொல்லீருங்க." இன்னொன்று யாருக்கு, இவர் நாற்காலி எப்போதும் மேடையில்தானே? கோபம்தான் வந்திருக்க வேண்டும், ஆனால் வந்தது கோபமாக இல்லை, அது என்ன என்று பிடிபடவும் இல்லை. கோகுல்ராஜ் பிரஷ்ஷை டையில் தோய்த்துக்கொண்டு வந்து நின்றான். "மீசைக்கும் பூசீறலாங்களா?" கண்ணாடியில் தலை மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது, மீசை இன்னும் வெள்ளை.

"இருப்பா" என்றார் வெங்கடாசலம், "கொஞ்சம் யோசிக்கோணும்."