இறுக்கமா இருக்கா?

இடது காலுக்குக் கட்டுப் போட்டு முடித்துவிட்டு சந்தியாகு வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கால் நனைந்த மூட்டையாகக் கனத்தது. ஆடுசதை எது, கணுக்கால் எது என்று தெரியாத ஒரே பருமன். எண்ணெய் தடவி, விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி எடுத்தார்.

"இன்னைக்கு ஒரு நாளு விட்டுருங்களேன்," என்றாள் சகாயராணி. கட்டிலில் தலையணைகளை அண்டக் கொடுத்துச் சாய்ந்திருந்தாள்.

"விட்டா நாளைக்கு ரெண்டு மடங்கா வீங்கும். நீதான சொன்னே."

"நான் எங்க சொன்னேன். நீங்கதான் சொன்னிய."

அவர் விரல்களுக்கான சின்னத் துணிச்சுருளை எடுத்தார்.

கர்ப்பப்பைப் புற்றுக்கு ஆபரேஷன் செய்து, கரண்டு என்று சொல்லும் கதிர்வீச்சும் வைத்து முடிந்த பிறகுதான் அவளுக்குக் கால்கள் வீங்கத் தொடங்கின. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடச் சொல்லிக்கொடுத்த ஷைஸ்தா என்ற பெண், வீட்டில் லேடீஸ் யாரும் இல்லையா என்று இந்தியில் கேட்டாள். மகன் ரிஜோ உல்லாஸ்நகரில் இருந்தான். மருமகள் ஜெனி அப்போது மாசமாக இருந்தாள். இல்லை என்று சந்தியாகு தலையாட்டியதும் சகாயராணி சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். தாராவிக்குத் திரும்பி வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் சொன்னாள். "ஆம்பள போயி பொண்டாட்டி காலப் பிடிச்சிட்டு இருக்கவா?"

காலமெல்லாம் டெம்போவில் சரக்குக் கட்டிய கைகள் அவருடையவை. கயிறு என்றால் இறுக்கத்தான் தெரியும். ஷைஸ்தா சொன்னது வேறு. விரல் பக்கம் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதியை மூட வேண்டும். நகங்கள் மட்டும் வெளியே தெரிய வேண்டும். கட்டி முடித்ததும் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்க்க வேண்டும். வெளுத்த நகம் உடனே சிவந்தால் சரி. இல்லையென்றால் இறுக்கிவிட்டது என்று அர்த்தம், அவிழ்த்துவிட வேண்டும்.

முதலில் தன் காலிலேயே கட்டிப் பழகினார். அந்தக் கட்டோடு கக்கூசுக்குப் போகக் கிளம்பி, முழங்காலை மடக்க வராமல் மாடி அறையிலிருந்து இறங்கும் இரும்பு ஏணியின் பாதியில் நின்றுவிட்டார். மேலேயிருந்து பார்த்த சகாயராணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுநாள் காலையில் அவளாகவே சேலையைக் கொஞ்சம் விலக்கினாள்.

அவருக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு அந்தக் கால்களைக் காட்டமாட்டாள். அதனாலேயே கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். ஜெபம் சொல்ல வருகிறோம் என்ற பெண்களையும் வர வேண்டாம் என்றாள். ஏணியில் யாராவது ஏறும் சத்தம் கேட்டாலே, "போர்வைய இழுத்து விடுங்க" என்பாள். மெல்ல மெல்ல யாரும் ஏறாமலானார்கள். மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான்; நர்ஸ் வந்து கட்டிவிடுவதாகத்தான் அவனிடம் சொல்ல வைத்திருந்தாள். பிறகு மாதத்துக்கு ஒரு ஞாயிறு வந்தான். அந்த அறையில் பேச்சு என்று இருந்தது இந்தக் கட்டுப் போடும் நேரத்தில்தான்.

விரல்களை முடித்து, கணுக்காலில் எட்டுப் போட்டுத் துணியை மேலே ஏற்றினார். கீழே யாரோ மீன் பொரித்தார்கள்.

"ரிஜோ வந்தா வஞ்சிரம் வாங்கியாரச் சொல்லட்டா? ஒனக்கு முள்ளு எடுத்துத் தாரேன்."

ம் என்ற மாதிரி இருந்தது. அவர் குனிந்தபடியே சுருக்கம் விழாமல் சுற்றிக்கொண்டு போனார். முழங்காலுக்குக் கீழே பட்டையை ஒட்டினார்.

"இறுக்கமா இருக்கா?"

எப்போதும் ஏதாவது சொல்வாள். கயிறு கட்டுற புத்தி போகாது என்பாள். கண்ணயர்ந்துவிட்டாள் என்று நினைத்துக் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். வெளுத்தது. கையை எடுத்தார். வெளுத்தது வெளுத்தபடியே இருந்தது.

இறுக்கிவிட்டோம் என்று பதறிப் பட்டையைப் பிய்த்தார். மளமளவென்று அவிழ்த்தார். துணி மடியிலும் தரையிலுமாக விழுந்தது. மறுபடி அழுத்தினார். இடது காலிலும் அழுத்தினார். அதற்குப் பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ராணி," என்றார்.

பாதி திறந்திருந்த கண்களை விரலால் மூடினார். வெகுநேரம் அவள் காலை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தார். கீழே இருக்கும் அஃப்ஷாவைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் சந்தே ஏறி வந்துவிடும். வலது கால் மூடாமல் கிடந்தது.

விழுந்த துணியை எடுத்து உதறிச் சுருட்டினார். விரலிலிருந்து தொடங்கினார். கீழே இறுக்கமாக, மேலே போகப் போகத் தளர்வாகச் சுற்றினார். முடித்துப் போர்வையை விரித்த பிறகு ஏணியில் இறங்கிப்போய் அஃப்ஷாவின் கதவைத் தட்டினார்.

ரிஜோ ரயில் பிடித்து வந்து சேர்ந்தபோது கோயில் பெண்கள் வெள்ளைச் சேலையும் வெள்ளைக் காலுறையும் வாங்கி வந்திருந்தார்கள். ஜெனி கைக்குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு அருகே வந்தாள்.

"மாமா, கட்டப் பிரிச்சிரலாமா? காலுறை போடணும்லா."

"அது கெடக்கட்டும்மா."

"ஆஸ்பத்திரி கேஸ் மாதிரி இருக்கும்ப்பா," என்றான் ரிஜோ. "எல்லாரும் பாப்பாங்க."

"கட்டத்தான பாக்கப் போறாவ. பாத்துட்டுப் போட்டும்."

ரிஜோ அம்மாவின் காலருகே குனிந்து, ஒரே அளவில் படிந்திருந்த சுற்றுகளைப் பார்த்தான்.

"நல்லாத்தான் கட்டிருக்கா. நர்ஸ் இன்னைக்கும் வந்துச்சாப்பா?"

சந்தியாகு மகன் முகத்தைப் பார்த்தார்.

"ம்," என்றார்.

சாயங்காலமே அடக்கம் முடிந்துவிட்டது. வந்தவர்கள் வாசலில் நின்று கொஞ்சம் பேசிவிட்டுக் கலைந்தார்கள். குழந்தை வெக்கை தாங்காமல் அழுதுகொண்டே இருந்தது.

"எங்களோட வந்துருங்க மாமா," என்றாள் ஜெனி.

"இன்னைக்கு வேண்டாம். நீங்க பிள்ளையக் கொண்டு போங்க."

"காலைல வந்துர்றேன்ப்பா," என்று ரிஜோ அவர் தோளைத் தொட்டுவிட்டு ஏணியில் இறங்கினான்.

கொஞ்ச நேரம் கழித்துப் பால் வாங்கலாம் என்று சந்தியாகுவும் இறங்கினார். ஏணியடியில் அவருடைய செருப்பைக் காணவில்லை. அந்த இடத்தில் வேறு ஒரு ஜோடி கிடந்தது. பழுப்பு நிறம், கொஞ்சம் பெரியது. கூட்டத்தில் யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருக்க வேண்டும். திரும்பி வருவார்களோ என்று சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தபடி நின்றார். யாரும் வரவில்லை. அதையே மாட்டிக்கொண்டு, கழன்றுவிடாமல் இருக்க விரல்களை மடக்கிப் பிடித்தபடி, பால் கடைப் பக்கம் நடந்தார்.