புது பிராங்க் விலை

"இது எந்த வருசத்துது, என்ன வெல போகும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

தணிகாசலத்தின் பழம்பொருள் கடைக்குப் போய் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று சாகும்வரை சொன்னவர் கார்குழலியின் அப்பா சாமிக்கண்ணு. அவர் செத்துப் பத்து நாள் ஆகிறது; இன்று கேட்டேவிட்டாள்.

அவள் நீட்டியது கிளாரினெட் பழகும் பிரெஞ்சுப் புத்தகம். வருடம் எங்கும் அச்சாகவில்லை. அறுபத்தொன்றில் மில் பேண்டு மாஸ்டர் அதைத் தன் பேண்டில் கிளாரினெட் வாசித்த அப்பா கையில் பார்த்துவிட்டு, முப்பத்தெட்டில் நான் சைகோனிலிருந்து கொண்டுவந்தது, திருடிவிட்டான் என்றார். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து லீவில் வந்த சொல்தா, அதாவது சிப்பாய், ஒருவர் வாங்கிவந்து கொடுத்தது என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். யார் நம்பினார்கள்? வேலை போனது. புத்தகத்தை மட்டும் அவர் விடவில்லை. மூட்டை தூக்கி மகளை பி.காம். படிக்கவைத்தார். தெருவில் கல்யாண பேண்டு போனால் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வார்.

அந்த மாஸ்டரின் மகன்தான் தணிகாசலம். இவள் யாரென்று அவருக்குத் தெரியாது.

"நூறு வருசப் புத்தகம் சார். அஞ்சாயிரமாவது போகும்," என்றாள் வேண்டுமென்றே.

அவர் சிரித்தார். "யாருக்கும்மா காது குத்தற? பின்னட்டையப் பாரு, வெலய புது பிராங்க்ல அச்சடிச்சிருக்கான். புது பிராங்க் வந்ததே அறுபதுல. அதுக்கு முன்னாடி இது இருந்திருக்கவே முடியாது. முந்நூறு ரூபா. அதுவே ஜாஸ்தி."

பி.காம். படிக்கும்போதே அவள் கண்டுபிடித்த சங்கதிதான் இது. ஆனால் இந்த வாயிலிருந்து வரவேண்டும்.

"அதையே எழுதுங்க."

எழுதினார். தேதி, கையெழுத்து, கடை முத்திரை. சீட்டைப் பையில் வைத்த பிறகுதான் சொன்னாள்: "நான் மில் பேண்டு சாமிக்கண்ணு பொண்ணு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார். "எங்கப்பா புத்தகம் வீட்லயேதாம்மா இருந்துச்சு. அவரு செத்தப்புறம் டிரங்குப் பெட்டி அடியில கெடச்சுது."

"எப்ப?"

"எழுபத்தெட்டுல."

கத்தித் தீர்க்கத்தான் வந்திருந்தாள். கணக்குத்தான் வந்தது.

"இருபத்தெட்டு வருசம். இங்கேர்ந்து எங்க வீடு சைக்கிள்ல பத்து நிமிசம் சார்."

"செத்தவரு பேரு கெட்டுடுமேன்னு..."

"உசுரோட இருந்தவரு பேரு கெட்டா பரவால்லயா?"

"அந்தச் சீட்டக் குடுத்துரும்மா. புத்தகத்துக்குப் பத்தாயிரம் தரேன்."

பதினாறாம் நாள் போஸ்டரில் அப்பா படத்துக்குக் கீழே என்ன வாசகம் என்று அச்சகத்துக்காரர் காலையில் கேட்டபோது அப்புறம் சொல்கிறேன் என்றிருந்தாள். இப்போது வாசகம் பையில் இருந்தது, முத்திரையோடு.

செருப்பை மாட்டிக்கொண்டாள். மில் மதில் நீளத்துக்கு எத்தனை போஸ்டர் வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டபடி, கண்ணைத் துடைக்காமல் தெருவில் இறங்கினாள்.