குத்தகைப் புத்தகம்

1

இந்தக் காலத்தில் ஒருவரும் ஒன்றையும் விற்பதில்லை. விற்பது மாதிரிச் சிரித்து, காசை வாங்கிக்கொண்டு, கயிற்றின் மறுநுனியைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் இந்தக் கதை. வேறு பெரிய காரணம் தேடவேண்டாம்.

கதையில் வருகிற ஏரம்பு நான்தான். ‘நான்’ என்று எழுதினால் கிழவன் புலம்புகிறான் என்பீர்கள். ஏரம்பு என்றால் அடுத்த வீட்டு வளவுச் சண்டை பார்ப்பதுபோல ஆறுதலாக இருந்து வாசிப்பீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நீர்வேலி வாழைத்தோட்டங்களின் மேல் அந்திச் சூரியன் பொற்கம்பளம் விரித்த...’

(வெட்டிவிட்டேன். நடந்தது காலையில்.)

சரியான தொடக்கம்: ஏரம்புவின் மனைவி குணலட்சுமி “ஐயோ!” என்று கத்தினாள். பாம்பாக்கும் என்று ஏரம்பு மண்வெட்டியோடு ஓடிவந்தான். பாம்பில்லை. டேப்லெட்டில் இருந்த நாவலைக் காணவில்லை.

அச்செழுத்து அவள் கண்ணுக்கு எறும்பு ஊர்வதுபோல. எழுத்தைப் பெருப்பித்து வாசிக்கலாம் என்று கனடாவில் இருக்கும் மகன் சுபாங்கன் இணையக் கடையில் வாங்கிக் கொடுத்த மின்நூல் அது. கடைசி அத்தியாயம். நாயகி பெட்டியோடு வள்ளத்தடியில் நிற்கிறாள். புருஷனை விட்டுப் போவாளா, திரும்புவாளா என்ற இடத்தில் புத்தகமே போய்விட்டது. அச்சில் அது வரவேயில்லையாம்.

(நாயகிக்கு நான் பெயர் வைக்கவில்லை. அவள் என்னுடையவள் அல்ல. குணலட்சுமியுடையவளும் அல்ல என்று அன்றுதான் தெரிந்தது.)

3

கடையின் வாடிக்கையாளர் சேவைக்கு ஏரம்பு போன் எடுத்தான். சென்னையிலிருந்து அருந்ததி என்றொரு பெண் பேசினாள்.

“பதிப்பாளர் அந்தப் புக்கை வாபஸ் வாங்கிட்டாங்க சார். நீங்க வாங்கினது படிக்கிற உரிமை மட்டும்தான்.”

“அப்ப ‘வாங்கு’ எண்டு ஏன் பிள்ளை எழுதி வைச்சிருக்கிறியள்? குத்தகை எண்டு எழுதுங்கோவன்.”

“கண்டிஷன்ல இருக்கு சார். உங்க மகன் ஓகே கொடுத்திருக்காரு.”

“குத்தகைக்கும் ஒரு முறை இருக்கு. குலை போட்ட வாழையை வெட்டவிட்டுத்தான் எங்கடை ஊரிலை குத்தகைக்காரனை நிலத்தை விட்டு எழுப்புவினம். என்ரை மனுசிக்கு ஒரு அத்தியாயந்தான் மிச்சம். வெட்டவிடுங்கோ.”

வாழைக்கு என்ன பதில் சொல்வது என்று அருந்ததிக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லைப் போலும்.

“பணம் திரும்ப வந்திடும் சார்.”

குணலட்சுமி போனைப் பறித்தாள்.

“காசை ஆர் கேட்டது? அவள் வள்ளத்திலை ஏறினவளோ இல்லையோ? அதைச் சொல்லு.”

“தெரியலம்மா. வேற ஏதாவது உதவி வேணுமா?”

4

இனி, இந்தக் கதைக்கு நான் யோசித்த முடிவுகள்.

அருந்ததி அந்த நாவலை இரகசியமாகத் தேடி வாசித்து, போனில் முடிவைச் சொல்கிறாள். (நல்ல முடிவு. முழுப்பொய். இப்போது யார் அப்படி மினக்கெடுகிறார்கள்?)

சுபாங்கன், “விடுங்கோ அப்பா, வேறை ஆயிரம் புத்தகம் கிடக்கு” என்கிறான். (இது நடந்தது. ஆகவே முடிவல்ல.)

ஏரம்பு தானே எழுதுகிறான்: அவள் வள்ளத்தில் ஏறாமல் வீடு திரும்பி, புருஷனுக்குச் சோறு போடுகிறாள். இதை எழுதி, குணலட்சுமிக்கு வாசித்தும் காட்டினான்.

“இஞ்சேருங்கோ, இவ்வளவு நாளும் அவளோடை இருந்தவள் நான். அவள் திரும்பமாட்டாள்.”

“அப்ப ஏறினவள் எண்டு எழுதட்டே?”

“அது நீங்கள் ஏத்தினதெல்லோ? அவள் தானா ஏறினதாகாதே.”

5

ஏரம்பு பேனாவை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. இப்போது உங்களிடம் நீட்டுகிறேன். ஏற்றுங்கள், இறக்குங்கள், கடலில் தள்ளுங்கள். எழுதினது உங்களுக்கே சொந்தம் என்று மட்டும் என் வாயால் சொல்லமாட்டேன்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரம்பு தோட்டத்துப் பக்கம் இறங்கப் புறப்பட்டான். குணலட்சுமி அந்த டேப்லெட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்து, சார்ஜில் போட்டாள்.

“என்னத்துக்கு?”

“புத்தகத்தைத் திருப்பிப் போட்டாலும் போடுவாங்கள்.”

“போட்டுக் கிழிச்சாங்கள்,” என்றான் ஏரம்பு. திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.